கடை நம்முடையது, சொல்லும் நம்முடையதாகட்டும்

வணிகவியல் பயின்றவர்களுக்கு 'நன்மதிப்பு' என்னும் சொல் புதிதன்று. இருப்புநிலைக் குறிப்பில் சொத்துகளின் பக்கத்தில், நிலம், கட்டடம், இயந்திரம் ஆகியவற்றோடு அதுவும் ஒரு வரியாக இடம்பெறும். கண்ணுக்குப் புலப்படாத சொத்து என்று கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அதற்குரிய கணக்கைத் தேர்வில் பிழையின்றிப் போட்டு மதிப்பெண்ணும் பெற்றேன். ஆயினும், ஒரு கடையின் நன்மதிப்பு எங்கே உறைகிறது, எவ்வாறு கரைகிறது என்பதைக் கண்கூடாகக் கண்டது பணியிட மாற்றத்தில் ஜெய்ப்பூர் சென்ற பிறகுதான். கண்டதோடு மட்டுமன்றி, அது கரைவதற்கு நானும் ஒரு காரணமானேன். இன்று தம் தொழிலுக்கு இணையதளம் அமைக்க விரும்பும் வாடிக்கையாளர்கள் பலர் எங்கள் கிளைகளுக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பாக்ரு. மர அச்சுக்கட்டைகளைக் கொண்டு துணியில் கையால் அச்சிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். சீப்பா என்னும் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக அங்கே இத்தொழிலைச் செய்து வருகின்றனர். அவர்களுள் ஒருவர் எங்கள் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர். அறுபது வயதைக் கடந்தவர். தவணை தவறாதவர். பெருந்தொற்றுக் காலத்தில் கண்காட்சிகள் நின்றுபோனதும் அவருடைய விற்பனை சரிந்தது. முத்ரா கடனைப் புதுப்பிக்க வந்தபோது, அதில் ஒரு பகுதியை இணையதளம் அமைக்கச் செலவிடலாமா என்று கேட்டார். நல்ல யோசனை என்று நானும் ஊக்கப்படுத்தினேன்.

"தளம் அமைப்பவர் என்னவெல்லாமோ எழுதித் தரச் சொல்கிறார், மேனேஜர் சாஹப். நாங்கள் அச்சுப் பதிப்பவர்கள். எங்களுக்கு எழுத என்ன தெரியும்?" என்றார் தயக்கத்துடன்.

காலாண்டு முடிவதற்குள் கடனை வழங்கிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. "இணையத்தில் இல்லாததா, ஜி? இதே சரக்கை விற்கும் பெரிய கடைகளின் தளங்களைப் பார்த்து, வேண்டியதை எடுத்துப் போடச் சொல்லுங்கள்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை.

இரண்டே வாரத்தில் தளம் உருவாயிற்று. அழகான படங்களும் ஆற்றொழுக்கான வருணனைகளும் நிறைந்திருந்தன. மூன்று மாதங்கள் கழித்து, அடுத்தடுத்து இரண்டு சோதனைகள் வந்தன. முதலாவது, ஒரு புகைப்படக் கலைஞரின் சார்பில் வந்த வழக்கறிஞர் அறிவிப்பு. தளத்தின் முகப்பில் இருந்த படம் அவருடையது. அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு இழப்பீடு கோரியிருந்தார். இரண்டாவது, பெங்களூரில் விடுதி நடத்தும் ஓர் அம்மையார் தாம் வாங்கிய நாற்பது படுக்கை விரிப்புகளையும் திருப்பி அனுப்பிய சிப்பம். 'எங்கள் துணிகள் அனைத்தும் முழுமையான இயற்கைச் சாயமிட்டவை' என்று தளத்தில் படித்து வாங்கியிருக்கிறார். பின்னர் ஐயம் தோன்றித் தொலைபேசியில் கேட்டபோது, அந்த விரிப்புகளின் சிவப்பு வேதிச் சாயம் என்று பெரியவரே மறைக்காமல் சொல்லிவிட்டார். இயற்கைச் சாயம் என்னும் வரி, வேறொரு கடையின் தளத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. அந்தக் கடைக்கு அது உண்மையாக இருந்திருக்கலாம். இவருடைய சரக்குக்கு அது பொருந்தவில்லை.

பெரியவர் கிளைக்கு வந்து என் எதிரே அமர்ந்தார். கோபப்படவில்லை. "நாற்பது ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன், சாஹப். வாய் திறந்து ஒரு பொய் சொன்னதில்லை. இப்போது எனக்குத் தெரியாமல் என் கடையே பொய் சொல்லிவிட்டது" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். படத்தை நீக்கி, கலைஞருக்குப் பேசி முடித்த தொகையையும் செலுத்தினார். அந்தக் காலாண்டில் முதன்முறையாக அவருடைய தவணை தாமதமாயிற்று. தவறு யாருடையது என்பது எனக்குத் தெரியும். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பாக்ருவுக்குப் புறப்பட்டேன்.

கேள்விகளே மூலப்பொருள்

பெரியவரின் இளைய மகள் அப்போது வணிகவியல் இறுதியாண்டு மாணவி. தளத்தைப் புதிதாக எழுதும் பொறுப்பை அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் அவளுக்கும் சிக்கல். ஒரு குறிப்பேடு வாங்கி, ஒரு மாதம் முழுவதும் வாடிக்கையாளர்கள் நேரிலும் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றையும் தேதியிட்டு எழுதி வரச் சொன்னேன். கணக்கியலில் நாட்குறிப்பேடு எழுதுவது போன்றதே இது. முதலில் நடந்ததை நடந்தவாறு பதிய வேண்டும். வகைப்படுத்துவது பிறகு.

மாத முடிவில் எழுபதுக்கும் மேற்பட்ட கேள்விகள் சேர்ந்திருந்தன. பேரேட்டில் ஏற்றுவதுபோல் ஒரே தன்மையானவற்றை ஒன்றுசேர்த்தபோது அவை பத்துப் பன்னிரண்டில் அடங்கிவிட்டன. சாயம் போகுமா? எப்படித் துவைப்பது? இது கை அச்சா, ஸ்கிரீன் அச்சா? ஒரே வடிவமைப்பில் வாங்கிய இரண்டு துணிகள் ஏன் சற்று வேறுபடுகின்றன? நீலத் துணியில் ஏன் ஒரு மணம் வருகிறது? துணியின் அகலம் என்ன? எத்தனை நாளில் கிடைக்கும்? பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா?

இந்தக் கேள்விகளுள் ஒன்றுக்குக்கூடப் பழைய தளத்தில் விடையில்லை. 'காலத்தால் அழியாத கலை', 'பாரம்பரியத்தின் பெருமிதம்' போன்ற தொடர்கள்தாம் பக்கம் பக்கமாக இருந்தன. அவை எந்தக் கடைக்கும் பொருந்தும். ஆகவே எந்தக் கடையையும் அடையாளம் காட்டா.

மகள் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். தந்தை வேலை செய்தபடியே விடை சொன்னார். அவள் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு இரவில் எழுதினாள். எழுதத் தெரியாது என்று சொன்னவர் அன்று பேசியதைக் கேட்டு நான் வியந்தேன். துணியை நன்கு அலசிக் கஞ்சி நீக்கியபின் கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் நனைக்கிறார்கள், துணி இளமஞ்சளாகிறது. பழைய இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்துப் புளிக்கச் செய்த கரைசலால் அச்சிடும்போது, கடுக்காயின் துவர்ப்புப் பொருளோடு இரும்பு கலந்து கறுப்பாகிறது. படிகாரமும் பிசினும் கலந்து அச்சிட்ட இடம், சாயக் கொப்பரையில் கொதிக்கும்போது சிவக்கிறது. 'தாபு' என்பது களிமண், சுண்ணாம்பு, பிசின், வண்டரித்த கோதுமைத் தூள் ஆகியவற்றைக் குழைத்த சேறு. அதை அச்சிட்டு, மேலே மரத்தூள் தூவி உலர்த்தி, அவுரிச் சாயத் தொட்டியில் முக்குகிறார்கள். சேறு காத்த இடம் நீலமேறாமல் நிற்கிறது.

கடுக்காயும் அவுரியும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர்கள்தாம். அவை துணியில் செய்யும் வேலையை ஒரு தொழிலாளியின் வாய்மொழியாகக் கேட்கும்போது, வாங்குபவருக்கு விலையின் நியாயம் தானே விளங்குகிறது. நாற்பது படிகள் கொண்ட வருணனைக்கு இல்லாத வலிமை, செய்தவரின் நான்கு வாக்கியங்களுக்கு உண்டு.

மற்றக் கேள்விகளுக்கும் இப்படியே நேரான விடைகள் கிடைத்தன. கை அச்சில் கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் சிறு விலகலோ, சாயத்தின் அடர்த்தியில் ஏற்றத்தாழ்வோ பெரும்பாலும் இருக்கும். அது குறையன்று, கை பட்டதன் அடையாளம். அவுரித் துணியில் வரும் மணம் சாயத் தொட்டியினுடையது. காற்றில் உலர்த்தினால் நாளடைவில் நீங்கிவிடும். முதல் சில முறை தனியாக, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பிட்டு அலசி, நிழலில் உலர்த்த வேண்டும்.

சாயத்தைப் பற்றி எழுத வந்தபோதுதான் தயக்கம் எழுந்தது. 'இந்தச் சிவப்பு வேதிச் சாயம்' என்று வெளிப்படையாக எழுதினால் விற்பனை விழுந்துவிடுமோ என்று பெரியவர் அஞ்சினார். உள்ளூர எனக்கும் அந்த அச்சம் இருந்தது. "எழுதாமல் விட்டால் மறுபடியும் நாற்பது விரிப்புகள் திரும்பி வருமே, அங்கிள்" என்றாள் அந்தப் பெண். எங்களிடம் மறுமொழி இல்லை. ஒவ்வொரு துணியின் பக்கத்திலும் எது இயற்கைச் சாயம், எது வேதிச் சாயம் என்று தனி வரியாக எழுதப்பட்டது.

நமக்கு உரிய படங்கள்

படங்களுக்குப் பெரிய செலவு தேவைப்படவில்லை. பட்டறையின் கூரை நிழலில், காலை வெளிச்சத்தில், வெள்ளைத் துணியைப் பின்னணியாக விரித்துக் கைப்பேசியிலேயே எடுத்தார்கள். ஒவ்வொரு துணிக்கும் முழுத் தோற்றம் ஒன்று, அச்சின் அருகுத் தோற்றம் ஒன்று, மறுபக்கம் ஒன்று, அளவு புரிவதற்காக அளவுகோலை வைத்து ஒன்று என நான்கு படங்கள். கட்டைகள், சாயத் தொட்டி, உலர்த்தும் மைதானம் ஆகியவற்றின் படங்களும் சேர்ந்தன. வேலை செய்பவர்களின் முகம் தெரியும் படங்களை, அவர்களுடைய இசைவைக் கேட்ட பின்னரே வெளியிட்டார்கள்.

தொழில்முறைக் கலைஞரைக் கொண்டு படமெடுத்தால் அந்தப் படங்கள் யாருக்கு உரியவை? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. நீங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், கட்டணம் பெற்றுக்கொண்டு ஒருவர் எடுத்த புகைப்படத்திற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது நீங்களே முதல் உரிமையாளர். ஆகவே ஒப்பந்தத்தில் மாறாக ஏதும் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையொப்பமிடுவதே அறிவுடைமை.

எழுத்துக்கு நிலைமை வேறு. உங்களிடம் ஊதியத்திற்குப் பணிபுரியும் ஊழியர் அலுவல் கடமையாக எழுதியது, வேறு உடன்பாடு இல்லையெனில், உங்களுக்கு உரியது. வெளியாள் ஒருவர் கட்டணம் பெற்று எழுதித் தந்த கட்டுரையோ, பணம் கொடுத்துவிட்ட காரணத்தாலேயே உங்களுடையதாகிவிடாது. உரிமை மாற்றம் எழுத்து வடிவில், உரிமையாளரின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. அயல்நாட்டு வாடிக்கையாளர்களை எதிர்நோக்கும் தளத்திற்கு இவை சிறிய செய்திகள் அல்ல.

வெளியிலிருந்து எடுக்கலாமா?

அனைத்தையும் நாமே உருவாக்க இயலாது. ஒரு கலையின் வரலாறு, பழைய ஓவியம், நிலப்படம் போன்றவை வெளியிலிருந்துதான் வர வேண்டும். அவற்றை எடுக்கும் முன் சில அடிப்படைகளை அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, பதிப்புரிமை அடையாளம் இல்லாத படம் யாவருக்கும் பொது என்று எண்ணுவது தவறு. ஓர் ஆக்கம் உருவான கணத்திலேயே அதற்குரிய உரிமையும் பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. தேடுபொறி ஒரு படத்தைக் காட்டுவது, அது இருக்கும் இடத்தைக் காட்டுவதே தவிர, எடுத்துக்கொள்ளத் தரும் அனுமதியன்று. தெரிந்தே உரிமை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. தளம் அமைத்தவர்தான் எடுத்துப் போட்டார் என்று சொல்லிக் கடைக்காரர் ஒதுங்கிவிட முடியாது. அறிவிப்பு கடையின் பெயருக்கே வரும்.

இரண்டாவது, காலம் கடந்த ஆக்கங்கள் பொதுவுடைமையாகின்றன. நம் நாட்டில் எழுத்துக்கு, ஆசிரியர் மறைந்த ஆண்டை அடுத்துத் தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை உண்டு. முன்பு அது 50 ஆண்டுகளாக இருந்தது. 1941இல் மறைந்த ரவீந்திரநாத் தாகூரின் படைப்புகளுக்கான உரிமை 1991ஆம் ஆண்டோடு முடிவடையவிருந்த வேளையில்தான் அது 60ஆக நீட்டிக்கப்பட்டது. அவ்வாறு 2001 முடிவுவரை காக்கப்பட்டு, பின்னர் அவருடைய மூல நூல்கள் பொதுவுடைமையாயின. ஆனால் பழைய நூலின் புதிய மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதை மறக்கலாகாது.

துணித் தொழிலைச் சார்ந்த ஓர் எடுத்துக்காட்டு: இந்தியத் துணி மாதிரிகள் 700ஐ வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் 1866இல் தொகுத்தார். இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் பார்த்து அதே போன்ற துணியை நெய்து இந்தியாவில் விற்பதற்கு உதவும் நோக்கமும் அந்தத் தொகுப்புக்கு இருந்தது. அதைக் கூறியபோது பெரியவர் சிரித்தார். "அன்றும் எங்களைப் பார்த்துத்தான் பிறர் எடுத்தார்கள். நாங்கள் ஏன் பிறரைப் பார்த்து எடுக்க வேண்டும்?" என்றார்.

மூன்றாவது, படைத்தவர்களே முன்வந்து திறந்து வைத்திருக்கும் கருவூலங்கள் உள்ளன. கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் உரிம முறை இதற்கென உருவானது. அதில் பல வகைகள் உண்டு. பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை. பெயர் குறிப்பிடுவதோடு, மாற்றி அமைத்ததையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது மற்றொன்று. 'வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற நிபந்தனை உள்ளவற்றைக் கடையின் தளத்தில் பயன்படுத்தக் கூடாது. விக்கிமீடியா காமன்ஸ் தளம் வணிகப் பயன்பாட்டுக்கும் இடமளிக்கும் உரிமங்களையே ஏற்பதால், தொடக்கநிலையில் தேடுவதற்கு அது ஏற்ற இடம். ஆயினும் ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள நிபந்தனையைப் படித்தே தீர வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் கலை அருங்காட்சியகம், தன்னிடமுள்ள பொதுவுடைமைப் பொருள்களின் படங்களை 2017 முதல் எவ்வித நிபந்தனையுமின்றி வழங்குகிறது. நம் மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்திலுள்ள புள்ளிவிவரங்களை, மூலத்தைக் குறிப்பிட்டு வணிகத்துக்கும் பயன்படுத்த 2017இல் அறிவிக்கப்பட்ட அரசுத் திறந்த தரவு உரிமம் வழிசெய்கிறது.

நான்காவது, செய்திகளுக்குப் பதிப்புரிமை இல்லை. அவற்றைச் சொல்லும் சொல்லமைப்புக்கே உண்டு. எனவே படித்து அறிந்து, நம் சொற்களில் எழுதலாம். ஜெய்ப்பூரை அடுத்த ஆமேரில் கை அச்சுக்கலைக்கெனவே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பெண் அங்கே சென்று பார்த்துக் குறிப்பெடுத்து வந்தாள். எகிப்தின் ஃபுஸ்தாத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட இந்திய அச்சுத் துணித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன என்ற செய்தி அவளை மிகவும் ஈர்த்தது. தளத்தில் சேர்க்க விரும்பினாள். ஆனால் அவை குஜராத்தோடு தொடர்புடையவையாகக் கருதப்படுபவை. அவற்றைப் பாக்ருவின் பெருமையாகக் காட்டினால், இரவல் வருணனை செய்த அதே பிழையை வரலாற்றிலும் செய்தவராவோம். 'எங்கள் ஊரினுடையவை அல்ல. இந்தியாவின் அச்சுத் துணி கடல் கடந்ததற்குச் சான்று' என்று பொருள்படும்படி எழுதினாள். புவிசார் குறியீட்டிலும் இதே கவனம் தேவை. பாக்ருவின் கை அச்சுக்கு அக்குறியீடு உண்டு. எனினும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு பெற்ற பிறகே அதன் பெயரால் விற்பது முறை.

இயந்திரம் எழுதித் தந்தால்?

இப்போது வரும் வாடிக்கையாளர்கள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். "செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறதே, பிறகு ஏன் இவ்வளவு பாடு?" நியாயமான கேள்விதான். எழுத்துப் பிழை திருத்தவும், இந்தியில் எழுதியதை ஆங்கிலமாக்கவும், நீண்ட பதிலைச் சுருக்கவும் அது உதவும். ஆனால் உங்கள் பட்டறையில் எந்தச் சிவப்பு எந்தச் சாயம் என்பது அதற்குத் தெரியாது. தெரியாததையும் தெரிந்ததுபோல் எழுதிவிடும் இயல்பு அதற்கு உண்டு. அது தரும் ஒவ்வொரு வரியையும், காசோலையில் கையொப்பம் சரிபார்ப்பதுபோல் சரிபார்த்த பின்னரே வெளியிட வேண்டும். நான் பெரியவருக்குச் சொன்ன தவறான அறிவுரையின் புதிய வடிவமாக இது ஆகிவிடக் கூடாது.

சட்டம் எதிர்பார்க்கும் விவரங்கள்

அழகுக்காக எழுதுவன ஒருபுறமிருக்க, கட்டாயமாக இடம்பெற வேண்டிய விவரங்களும் உள்ளன. இணையவழி வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் தம் தளத்தில் நேரடியாக விற்போருக்கும் பொருந்தும். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண், குறைதீர்ப்பவரின் பெயர் ஆகியவை எளிதில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மொத்த விலை, அதன் பிரிவுகள், பொருளைத் திருப்பி அனுப்பும் முறை, பணம் திரும்பக் கிடைக்கும் முறை, அனுப்பும் செலவு யாருடையது என்பனவும் தெளிவாக இருக்க வேண்டும். விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் போல் நாமே பாராட்டு எழுதிக்கொள்வதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. இவை சுமையல்ல. முன்பின் அறியாத கடையில் பணம் செலுத்தும் ஒருவர் முதலில் தேடிப் பார்ப்பவை இவையே.

ஆண்டிறுதிச் சரக்கிருப்பு

சரக்கறையில் தேங்கிய சரக்குபோல் தளத்திலும் பழையன தேங்கும். சென்ற ஆண்டு விலை, மாறிவிட்ட தொலைபேசி எண், முடிந்துபோன கண்காட்சி அறிவிப்பு ஆகியவை நம்பிக்கையைக் குலைக்கும். மார்ச் 31இல் சரக்கிருப்பு எடுப்பதுபோல், காலாண்டுக்கு ஒருமுறை தளத்தையும் பக்கம் பக்கமாகப் பார்வையிடுங்கள். வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு வரியிடமும் படத்திடமும் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். இது என் சரக்குக்கு உண்மையா? இதை வெளியிட எனக்கு உரிமை உண்டா. உண்டெனில் அதற்குரிய சான்று கோப்பில் இருக்கிறதா? வாடிக்கையாளர் கேட்கும் ஏதேனும் ஒரு கேள்விக்கு இது விடையாகிறதா? வேறு எந்தக் கடையின் பெயரைப் போட்டாலும் இது அப்படியே பொருந்துமா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால், அந்த வரியை நீக்கிவிடலாம்.

அந்தப் பெண் புதிதாக எழுதிய தளம், முந்தையதைப் போல் பளபளப்பாக இல்லை. உடனடியாக விற்பனை பெருகிவிடவும் இல்லை. முதல் சில மாதங்கள் வேதிச் சாயத் துணிகள் சற்று மெதுவாகவே விற்றன. ஆனால் தொலைபேசியில் விலையை மட்டும் கேட்டு வைத்துவிடுவோர் குறைந்தனர். துணியைப் பற்றிப் படித்து அறிந்த பின் அழைப்போர் கூடினர். திரும்பி வரும் சிப்பங்கள் அரிதாயின. தவணைகள் பழையபடி தவறாமல் வரத் தொடங்கின.

எனக்கு அங்கிருந்து மாற்றல் ஆணை வந்த வாரத்தில் பெரியவர் கிளைக்கு வந்தார். கைப்பேசியை நீட்டி ஒரு கோரிக்கையைக் காட்டினார். பன்னிரண்டு விரிப்புகள், அவுரி நீலம், தாபு அச்சு, அனுப்ப வேண்டிய ஊர் பெங்களூர். முன்பு நாற்பது விரிப்புகளைத் திருப்பி அனுப்பிய அதே அம்மையார். கோரிக்கையின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: எது இயற்கைச் சாயம், எது அல்ல என்று நீங்களே எழுதியிருப்பதைப் படித்தேன், அதனால் வாங்குகிறேன்.

நாற்பது பன்னிரண்டாகக் குறைந்ததைக் கணக்கர் என்ற முறையில் நான் கவனித்தேன். பெரியவர் கவனித்தது அந்தக் கடைசி வரியை. இருப்புநிலைக் குறிப்பில் அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று இப்போது எனக்குத் தெரியும்.